கல்லும் கயிறும் மச்சானும்

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஏலூரில் துலாமழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மூணு மில்லிமீட்டரா, அஞ்சு மில்லிமீட்டரா?"

ஏதோ மழைக்குத் தார்ப்பாய் வாங்கப் போகிறாள் என்று நினைத்து, "கனமா இருக்கறதையே வாங்கு, நாள்பட உழைக்கும்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கல்லூரி விடுமுறையில் தோழிகளோடு லட்சத்தீவு போய் ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போகிறாள். உடம்புக்கு என்ன கனத்தில் ரப்பர் உடுப்பு, மிதப்பதற்கு எந்த மாதிரி காற்று ஜாக்கெட், இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் என்று கேள்விகள். நான் பி.காம். ஆர்க்கிமிடீஸைப் பத்தாம் வகுப்போடு வழியனுப்பி வைத்தவன். இருபது வருஷமாக வங்கியில் அடுத்தவர் பத்திரங்களைப் படித்துக்கொண்டிருப்பவன். ஆனால் பிறந்த ஊர் தூத்துக்குடி. முத்துக்குளித்துறை என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கின கடற்கரையில் பிறந்துவிட்டு, கடலுக்குள் இறங்குகிற பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் எப்படி? அந்த ரோஷத்தில் படிக்க ஆரம்பித்தது, இங்கே வந்து நிற்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் மிதப்பு. இதற்கு நான் வீட்டைவிட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஏலூர் என்பது பெரியாற்றின் இரண்டு கைகளுக்கு நடுவில் கிடக்கும் தீவு. உத்யோகமண்டல் உரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். கோடையில் கடலின் உப்பு ஆற்றில் ஏறி வரும். அதைத் தடுக்கத்தான் பாதாளம் என்ற இடத்தில் ஷட்டர் வைத்த பாலம் கட்டியிருக்கிறார்கள். (ஊர்ப் பெயரே பாதாளம். முதல் தடவை பஸ் போர்டில் பார்த்தபோது நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.) ஷட்டர் மூடியிருக்கும் நாட்களில் பாலத்துக்கு மேல்பக்கம் நல்ல தண்ணீர், கீழ்ப்பக்கம் உப்புத் தண்ணீர்.

இப்போது கணக்கு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம். கடல் தண்ணீர் சுமார் 1025 கிராம். கேட்க அல்ப வித்தியாசம். ஆனால் என்னைப் போல 82 கிலோ ஆசாமி (மனைவி 84 என்பாள்) நல்ல தண்ணீரில் சரியாக மூழ்கி நிற்க எவ்வளவு ஈயம் கட்டுகிறானோ, அதைவிட ஏறக்குறைய 2 கிலோ அதிகம் கட்டினால்தான் கடலில் அதே மாதிரி நிற்க முடியும். அதே மனிதன், அதே உடுப்பு. பாலத்தின் எந்தப் பக்கம் இறங்குகிறான் என்பதில் இரண்டு கிலோ.

இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமலே தீர்த்து வைத்திருந்தவர்கள் நம்மூர்க்காரர்கள். மூச்சடக்கிக் குளிப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. நிறைய நேரம் கீழே இருக்க நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் உடம்பு கீழே போகாது. கையைக் காலை அடித்து இறங்கினால், இறங்குவதற்குள் பாதி மூச்சு செலவாகிவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி கல்.

ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1803ல் வெளியிட்ட இலங்கை பற்றிய புத்தகத்தில், மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பை விவரமாக எழுதியிருக்கிறார். ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள், ஐந்து பேர் இறங்கினால் ஐந்து பேர் மேலே இளைப்பாறுவார்கள். வலது கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்வது, இடது கால் விரல்களால் வலைப்பையைப் பிடித்துக்கொள்வது, ஒரு கையில் இன்னொரு கயிறு, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவது. கல் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு கிலோ. ஐந்து பாகம், ஆறு பாகம் ஆழத்துக்குச் சில நொடிகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அழகு அதற்கப்புறம்தான். தரை தட்டியதும் அவன் கல்லை விட்டுவிடுகிறான். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்கிறார். இப்போது குளியாளுக்கு இறக்குகிற எடை தேவையில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சுக் காற்று பாதியாக நசுங்கிவிடுவதால் உடம்பு தானாகவே அடங்கி நிற்கும். ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின் சிப்பியை வாரிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டினால், மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். இறங்க ஒரு எடை, ஏற ஒரு கை. மூச்சை எதிலும் விரயம் செய்வதில்லை.

பெர்சிவல் இன்னொன்றும் சொல்கிறார். சிலர் கல்லைக் காலில் பிடிக்காமல், பிறை வடிவத்தில் கல் செய்து வயிற்றில் கட்டிக்கொள்வார்களாம், கால் இரண்டும் சும்மா இருக்கட்டும் என்று. இதைப் படித்துவிட்டு மகளின் லேப்டாப்பில் இருந்த ஈயப் பெல்ட் படத்தைப் பார்த்தேன். அதே சாமான். ஆபத்து என்றால் ஒரு இழுப்பில் கழன்று விழ வேண்டும் என்பது இன்றைய பெல்ட்டின் விதி. நம்மவர்கள் கல்லை ஒவ்வொரு முங்கலிலும் கழற்றிவிட்டார்கள்.

காற்று உருளையோடு இறங்குகிறவர்களுக்கு இந்த வித்தை போதாமல் போனது ஏன் என்றால், அவர்கள் ஒரு நிமிஷம் அல்ல, முக்கால் மணி நேரம் நடுத்தண்ணீரில் நிற்க வேண்டும். 1943ல் பிரான்ஸில் கூஸ்டோவும் கான்யானும் அக்வாலங்கைச் செய்தபோது மூச்சுக்கு வழி பிறந்தது, நிற்பதற்கு வழி பிறக்கவில்லை. ஈயத்தைக் கட்டிக்கொண்டு நுரையீரலாலேயே சமாளித்தார்கள். 1961ல் மாரிஸ் ஃபென்சி என்ற பிரெஞ்சுக்காரர் கழுத்தில் மாட்டி மார்பில் தொங்கும் காற்றுப் பையைக் கொண்டுவந்தார். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய ஜாக்கெட்டும், முதுகில் மட்டும் காற்று நிற்கிற விங்கும். ஜாக்கெட் மேலே மிதக்கும்போது ஆளை நிமிர்த்தி வைக்கும், கற்றுக்குட்டிகளுக்கு நல்லது. விங் தண்ணீருக்கடியில் ஆளைப் படுக்கை வசமாக வைக்கும், பழகினவர்களுக்குச் சுகம். மகளுக்கு ஜாக்கெட் என்று தீர்ப்பெழுதினேன். (பயிற்சி தருகிறவர்கள் எப்படியும் அதைத்தான் கொடுப்பார்களாம். என் தீர்ப்பை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை :) )

அடுத்தது உடுப்பு. இங்கேதான் எனக்கு மனசு சங்கடப்பட்டது.

தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். நம் முத்துக்குளிப்பு நடந்தது பெரும்பாலும் பங்குனி, சித்திரையை ஒட்டி, கடல் ஓய்ந்து தண்ணீர் இதமாக இருக்கும் காலத்தில். அப்படியும் நாள் முழுக்க நாற்பது ஐம்பது தடவை இறங்கினால் உடம்பு விறைக்கும். அதற்கு நம்மவர்கள் போட்டுக்கொண்டது ஒரு கோவணம். சிலர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காதையும் மூக்கையும் அடைத்துக்கொள்வார்கள், சிலர் அதுவும் செய்வதில்லை என்கிறார் பெர்சிவல். பாரசீக வளைகுடா அரபிகள் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே. கொம்பிலோ ஆமையோட்டிலோ செய்த மூக்குக் கவ்வி, விரலுக்குத் தோல் உறை, சொறிமீன் மிகுந்த நாட்களில் உடம்பு முழுக்க மூடுகிற மெல்லிய பருத்தி உடுப்பு. குளிருக்கு அல்ல, சொறி பட்டால் தோல் தடித்துப்போகுமே, அதற்கு. இன்று வெதுவெதுப்பான கடலில் போட்டுக்கொள்கிற லைக்ரா உடுப்பின் வேலையும் பெரும்பாலும் அதுதான்.

மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்களை ராமநாதபுரம் பக்கம் போனால் பார்க்கலாம். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. எந்தக் கடையிலும் விற்காத உடுப்பு. பாறையில் விரல் கிழியாமலிருக்க அவர்களே கூட்டிச் சேர்த்தது.

இன்றைய ரப்பர் உடுப்பு 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பிறந்தது. ஹியூ பிராட்னர் என்ற இயற்பியல்காரர், உடம்பு ஈரமாவது பற்றிக் கவலை வேண்டாம், துணிக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் இருந்தால் போதும், அதுவே சூட்டைப் பிடித்து வைக்கும் என்று கண்டுகொண்டார். நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் அதற்குத் தோதாக இருந்தது. அதில் அவர் பணம் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வேறு.

ஆனால் இந்தக் குமிழ்தான் நான் முதலில் சொன்ன மிதப்புக் கணக்கையும் குழப்புகிறது. சூட்டைப் பிடிக்கும் காற்று, ஆளை மேலேயும் தூக்கும். கனமான உடுப்பு என்றால் கூடுதல் ஈயம். கூடுதல் ஈயத்தோடு ஆழம் போனால், அழுத்தத்தில் குமிழ்கள் நசுங்கி உடுப்பு மெலிந்துவிடும். மிதப்பும் போச்சு, கொஞ்சம் சூடும் போச்சு. மேலே மிதக்க வைத்த அதே உடுப்பு கீழே கைவிடும், ஈயம் மட்டும் அப்படியே இழுக்கும். அந்த இடைவெளியை ஜாக்கெட்டில் காற்றேற்றி நிரப்ப வேண்டும். எனக்கு இது பற்று வரவு மாதிரிதான் தெரிந்தது. ஒரு பக்கம் எழுதினால் மறு பக்கமும் எழுதியாக வேண்டும். "கனமா இருக்கறதையே வாங்கு" என்று சொன்ன அப்பாவின் புத்தி அன்றைக்குத்தான் மகளிடம் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே தண்ணீரைப் பார்த்துத்தான் உடுப்பு. லட்சத்தீவில் 28, 29 டிகிரிக்கு மூன்று மில்லிமீட்டர் தாராளம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கும் அதே. துபாய், அபுதாபி நண்பர்களே, உங்கள் கடல் கோடையில் 30க்கு மேல் கொதிக்கும், தை மாதத்தில் 20 பக்கம் இறங்கிவிடும். ஒரே உடுப்பு இரண்டுக்கும் ஒத்துவராது, குளிருக்கு ஐந்து வேண்டும். லண்டன்காரர்கள் தண்ணீரே உள்ளே வராத உலர் உடுப்பைத் தேடுங்கள். எங்கள் கொச்சியை வெதுவெதுப்பான கடல் என்று நம்பிவிடாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வந்து, கரையை ஒட்டிய அடித்தண்ணீர் 25 டிகிரிக்கும் கீழே போய்விடும். அந்த நீரில் பிராணவாயுவும் குறைவு, ஆனால் மத்தி மீன் கொழுப்பதும் அதன் தயவால்தான்.

உடுப்பு ஒரு உடம்பை எப்படி மாற்றும் என்பதற்குக் கொரியாவின் ஹேன்யோ பெண்கள் சாட்சி. பருத்தி உடுப்போடு, குளிர்காலத்தில் 10 டிகிரித் தண்ணீரிலும் மூச்சடக்கி இறங்கியவர்கள். 1960களில் ஹாங், ரான் என்ற உடலியல் நிபுணர்கள் ஆராய்ந்தபோது, குளிர்காலத்தில் அந்தப் பெண்களின் உடம்பு மற்றவர்களைவிட அதிகமாகச் சூட்டை உண்டாக்கப் பழகியிருந்தது தெரிந்தது. 1970களில் ரப்பர் உடுப்பு வந்தது. சில நிமிஷங்களில் நடுங்கிக்கொண்டு ஏறியவர்கள் மணிக்கணக்கில் வேலை பார்த்தார்கள். சில வருஷங்களில் அந்தச் சூட்டுப் பழக்கம் உடம்பைவிட்டே போய்விட்டது. வருமானம் கூடியது, வேலை நேரமும் கூடியது. எது லாபம், எது நஷ்டம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி, பணம்.

முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளஸ், கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. அதே புத்தகம் முசிறித் துறையில் கப்பலேறிய சரக்குகளில் நல்ல முத்துக்களையும் சேர்க்கிறது. முசிறி இதே பெரியாற்று முகத்துவாரப் பக்கம், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது. என் ஊர்க் கடலின் முத்து நான் குடிவந்த ஊரின் ஆற்று வாயில் வழியாக ரோமுக்குப் போயிருக்கும். இறங்கினவன் கைதி, ஏறினது முத்து.

மார்க்கோ போலோ காலத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறா கடிக்காமல் மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒன்று. ஐந்து சதவீதம்! எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் பொறாமைப்படும் பிரிமியம். கடல்கட்டி என்ற அந்தப் பதவியை வெள்ளைக்கார அரசாங்கமும் வெகுநாள் வைத்திருந்தது. அவர் கரையில் இல்லை என்றால் ஆட்கள் இறங்க மறுத்தார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் குளியாளின் உயிரைப் பற்றி அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்த செலவு அது.

1905ல் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்புதான் பதிவில் உள்ளவற்றில் மிகப் பெரியது. முந்நூறுக்கு மேல் தோணிகள், எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அதில் மயங்கி அடுத்த வருஷமே ஒரு லண்டன் கம்பெனி வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை. கம்பெனி சில வருஷங்களில் கலைக்கப்பட்டது. ஒரே ஒரு நல்ல வருஷத்தைப் பார்த்துவிட்டு 20 வருஷக் கடனுக்கு மனுப் போடுகிறவர்களை நானும் தினமும் பார்க்கிறேன்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல். அதே அறுபதுகளில், தூத்துக்குடிக் கடலின் பார்களில் நாகப்பன் நாயர், மகாதேவன் என்ற இரு விஞ்ஞானிகள் அக்வாலங் மாட்டிக்கொண்டு இறங்கி, சிப்பியும் சங்கும் வாழ்வதை நேரில் பார்த்து எழுதினார்கள். அவர்கள் வேலை பார்த்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947ல் தொடங்கியது, 1971ல் தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு வந்தது. மட்டாஞ்சேரிக்கு வேலை விஷயமாகப் போகும்போதெல்லாம் நகரத்தில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்திருக்கிறேன். நம்மூர்க் கடலின் படம் அங்கே அலமாரியில் இருக்கும் என்று இப்போதுதான் உறைத்தது.

ஆக, 1960களிலேயே சரியான சாதனம் நம் கடலில் இறங்கிவிட்டது. சங்கு குளிக்கிறவர்களிடம் வந்து சேர்ந்தது அது அல்ல.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். சங்குகுளி. நான் பள்ளியில் படிக்கும்போது கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி இறங்கிக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்ரஸர் வந்தது. தோணியில் இன்ஜின், அதிலிருந்து நீளமான குழாய், வாயில் கவ்விக்கொண்டு இறங்கிவிடலாம். இடுப்பில் எடை உண்டு. காற்று ஜாக்கெட் கிடையாது. எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்று காட்ட எதுவும் கிடையாது. இன்ஜின் புகை குழாய்க்குள் போகாமல் பார்க்க வேண்டியது காற்றடிக்கும் திசையின் பொறுப்பு. முன்பு மூச்சு முட்டினால் ஏறித்தான் ஆக வேண்டும். அது ஒரு கடிகாரம். கம்ப்ரஸர் அந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டது. அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து நிற்கும். சட்டென்று ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாக வெளியேறும். மாமாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் மூன்று தடவை இறங்கி ஏறியவர், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நரம்பு பிசகிவிட்டது என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி. பல மாதம் கழித்துக் கம்பு ஊன்றி நடந்தார். நான் பி.காம் முடித்து வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன்.

"கீழ எவனும் போயிருவான், தம்பி. மேல வரணும்லா" என்றார். அப்புறம் வீட்டுக்குள் பார்த்து, "முன்னயெல்லாம் இவ அண்ணன்தான் எனக்குக் கயிறு பிடிப்பான். மச்சான் பிடிச்சா தங்கச்சி தாலிக்குப் பயந்து விடமாட்டான்னுதான் அப்படி வச்சது. இன்ஜின் வந்த பெறவு அவன் டீசல் ஊத்தப் போய்ட்டான்" என்றார்.

குளியாளின் கயிற்றை மனைவியின் சகோதரன் பிடிப்பது எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற வழக்கம்தான். அதுவரை எனக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

டிசம்பரில் மகளை வில்லிங்டன் தீவில் கப்பலேற்றிவிட்டேன். மூன்று மில்லிமீட்டர், ஜாக்கெட் எல்லாம் பேசி முடித்த பிறகு, "தண்ணிக்குள்ள உன் ஜோடி யாரு?" என்று மட்டும் கேட்டேன். அங்கே போனால்தான் தெரியும் என்றாள். ஸ்கூபாவில் தனியாக யாரையும் இறக்குவதில்லை, இரண்டு பேருக்கு இரண்டு பேர் பொறுப்பு, இறங்குமுன் ஒருவர் சாமான்களை மற்றவர் தொட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டுக் கேட்டது. "அப்பா, நாலு கிலோ ஈயம் போட்டாங்க. முதல்ல ஆறு போட்டு, மண்ணுல போய் உட்கார்ந்துட்டேன்." ஜோடி யார் என்று கேட்டேன். மதுரைப் பெண்ணாம், பெங்களூரில் வேலையாம். என் பெண்ணின் பெல்ட் பக்கிள் திருப்பி மாட்டியிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாளாம்.

அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல், சாப்பிட்டாயாம்மா என்று கேட்டு வைத்தேன்.